மினுக்குவதா, மீட்பதா?

பொழுதுபோக்கைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் பள்ளியில் பத்துக்கு எட்டுப் பேர் தபால்தலை சேகரிப்பதைப் பற்றி எழுதுவார்கள். மீதமுள்ள இருவர் தோட்டக்கலையைப் பற்றியும் பூத்தையலைப் பற்றியும் எழுதுவார்கள். அவற்றைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. எங்கள் மூவரிடமும்கூட ஆளுக்கொரு தபால்தலைப் புத்தகம் இருந்தது. மூன்றும் ஏழாம் வகுப்போடு நின்றுபோயின என்பதையும் ஒப்புக்கொண்டு விடுகிறோம். இப்போது பதினோராம் வகுப்பில் படிக்கும் நாங்கள் ஓராண்டாகக் கைக்கொண்டிருக்கும் பொழுதுபோக்கு சற்று வேறானது. அதைக் கேள்விப்பட்ட உறவினர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர், "நகத்துக்குள் கிரீஸ் ஏறினால் லேசில் போகாதே, அம்மா" என்று வருந்தினார்கள். பழைய ஸ்கூட்டரைப் பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் ஓடவைப்பதே அந்தப் பொழுதுபோக்கு.

பழைய ஸ்கூட்டர்களைத் தேடிப் பிடித்துச் சேகரிப்போர் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அணிவகுத்துச் செல்கிறார்கள், படம் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதுவோர் எல்லோரும் வண்டியின் பளபளப்பைப் பற்றியே எழுதுகிறார்கள். இங்கேதான் எங்களுக்குக் கருத்து வேறுபாடு. பழைய வண்டியை மினுக்குவது வேறு, மீட்பது வேறு. முன்னதற்குப் பணம் இருந்தால் போதும். பின்னதற்கு வேண்டியவை பொறுமையும் உண்மையும். இதை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆறாயிரம் ரூபாய் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டோம். அந்தக் கதைக்கு வருவதற்கு முன், இந்த வாகனத்தின் பூர்வீகத்தைச் சிறிது சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, இத்தாலியில் பொன்டெடேரா என்னும் ஊரிலிருந்த பியாஜியோ நிறுவனத்தின் விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தது. இனி மக்களுக்கு வேண்டியது போர்விமானம் அன்று, மலிவான வாகனமே என்று கண்ட என்ரிகோ பியாஜியோ, அதை வடிவமைக்கும் பொறுப்பைக் கொராதினோ தஸ்கானியோ என்ற பொறியாளரிடம் ஒப்படைத்தார். தஸ்கானியோ ஹெலிகாப்டர் செய்தவர். மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. சங்கிலியின் எண்ணெய் உடையெல்லாம் தெறிக்கிறது, வழியில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு, ஏறுவதற்குக் காலைத் தூக்கிப் போடவேண்டியிருக்கிறது என்று அவருக்குப் பல குறைகள். பிடிக்காதவரிடம் வேலையைக் கொடுத்தது எவ்வளவு நல்லதாயிற்று பாருங்கள்! அவர் சங்கிலியையே எடுத்துவிட்டார். இன்ஜினைப் பின்சக்கரத்தோடு சேர்த்துத் தகட்டால் மூடிவிட்டார். கியரை இடக்கைப் பிடியில் வைத்தார். முன்சக்கரத்தை விமானச் சக்கரத்தைப்போல ஒரே பக்கத்துக் கம்பியில் தாங்கவைத்து, நான்கைந்து நட்டுகளைக் கழற்றினால் கையோடு வரும்படி செய்தார். 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் இதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. மெலிந்த இடுப்பும் பருத்த பின்புறமும் ரீங்காரமுமாக இருந்த அதைப் பார்த்துப் பியாஜியோ, "குளவியைப்போல இருக்கிறதே" என்றாராம். குளவிக்கு இத்தாலிய மொழியில் 'வெஸ்பா' என்று பெயர்.

முன்புறம் திறந்திருந்ததால் பாவாடை அணிந்த பெண்களும் கூச்சமின்றி ஏறி அமர முடிந்தது. 1953ஆம் ஆண்டு வெளிவந்த 'ரோமன் ஹாலிடே' திரைப்படத்தை எங்கள் பாட்டிமார் சிலர் பார்த்திருக்கக்கூடும். அதில் இளவரசியாக வரும் ஆட்ரி ஹெப்பர்ன் முதலில் வெஸ்பாவின் பின்னிருக்கையில்தான் அமர்ந்திருப்பார். பிறகு தாமே கைப்பிடியைப் பிடித்து ரோம் நகரத் தெருக்களில் புகுந்து புறப்பட்டு, கடைசியில் போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சேருவார். படத்தில் இளவரசிக்குக் கிடைத்த அந்தக் கைப்பிடி, நம் ஊர் வீடுகளில் எத்தனை பெண்களுக்குக் கிடைத்தது என்பதைப் பிறகு சொல்கிறோம்.

நம் நாட்டில் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் உரிமம் பெற்று, 1960களின் தொடக்கத்திலிருந்து புனேயை அடுத்த ஆக்குர்டியில் வெஸ்பா செய்தது. 1971இல் உரிமம் முடிந்ததும் அதே வடிவத்தைச் சொந்தப் பெயரில் தொடர்ந்தது. 1972இல் வந்தது சேத்தக். மகாராணா பிரதாப்பின் குதிரைக்கு அந்தப் பெயர். எத்தனை வண்டி செய்யலாம் என்று அரசாங்கம் அளந்து அனுமதித்த காலம் அது. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்தாண்டுகள்வரை காத்திருந்த குடும்பங்கள் உண்டு. கைக்கு வந்த புது வண்டியை மறுநாளே விற்றால் வாங்கிய விலைக்கு மேலேயே கிடைத்ததாம். இன்று காலையில் கடைக்குப் போய் மாலையில் வண்டியோடு திரும்புகிற நமக்கு அந்தப் பொறுமை விளங்குவது கடினம்.

லாம்பிரெட்டாவின் கதை இன்னும் விசித்திரமானது. அது மிலான் நகரில் இன்னொசென்டி நிறுவனம் 1947இல் தொடங்கிய ஸ்கூட்டர். எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே உற்பத்தி நின்றபோது, இந்திய அரசு அந்தத் தொழிற்சாலையின் இயந்திரங்களையே விலைக்கு வாங்கி லக்னோவுக்குக் கொண்டுவந்தது. அதற்காக 1972இல் அமைக்கப்பட்டதுதான் ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட். 'விஜய் சூப்பர்' என்ற பெயரில் அங்கிருந்து வந்த வண்டிகளை நம் பெற்றோர் நினைவில் வைத்திருப்பார்கள். 1997இல் அங்கும் ஸ்கூட்டர் உற்பத்தி முடிந்தது. பிறந்த நாட்டில் நின்றுபோன வண்டிக்கு இங்கிலாந்திலுள்ள பிரியர்கள் பல்லாண்டுகள் உதிரிபாகங்களை இந்தியாவிலிருந்து வரவழைத்தார்கள் என்பதைப் படித்தபோது எங்களுக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

இனி எங்கள் வண்டி. எங்களுள் ஒருத்தியின் தாய்வழித் தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பதிவு செய்து எட்டாண்டுகள் காத்திருந்து, 1981இல் வாங்கிய சேத்தக் அது. இளநீல நிறம். முன்தட்டில் மூத்த பெண் நிற்க, பாட்டி பின்னால் ஒருபக்கமாக அமர, மடியில் கைக்குழந்தையும் காய்கறிப் பையும் இருக்க, குடும்பம் முழுவதையும் ஏறக்குறைய முப்பதாண்டுகள் சுமந்த வண்டி. 2010இல் தாத்தாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து மாடில்லாத மாட்டுக்கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. சென்ற கோடை விடுமுறையில் காயலான் கடைக்காரர் எடைபோட வந்தபோது நாங்கள் மூவரும் அங்கே இருந்தோம். இரும்பு விலைக்குக் கேட்டார். தாத்தா தலையாட்டிவிட்டார். ஓடாத வண்டி வெறும் இரும்புதானே என்பது அவர் கட்சி. "அப்படியானால் ஓடவைத்துவிட்டால் விற்கமாட்டீர்களே?" என்று பேத்தி கேட்டாள். "ஓடட்டும், பாக்கலாம்" என்றார். நாங்கள் ஓட்டமாட்டோம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துத்தான் தொடங்கினோம். எங்களுக்குப் பதினெட்டு நிரம்பவில்லை; கியர் வண்டிக்கு உரிமம் வாங்க இன்னும் காலம் இருக்கிறது.

முதல் பாடம், எதையும் அவசரப்பட்டுக் கழற்றக்கூடாது என்பது. கழற்றுவதற்கு முன் படம் எடுக்கவேண்டும். கழற்றிய ஒவ்வொன்றையும் பெயரெழுதிய டப்பாவில் போடவேண்டும். பாட்டியின் அஞ்சறைப்பெட்டி முறைதான். இன்ஜின் இறுகிப்போயிருந்தது. உதைத்துப் பார்க்கலாம் என்ற எங்களைத் தாத்தா தடுத்து, பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக எண்ணெய் ஊற்றி நான்கு நாள் விடச் சொன்னார். ஐந்தாம் நாள் கையால் திருப்பும்போதே பிஸ்டன் அசைந்தது. சக்கரத்தின் ரிம் இரண்டு பாதிகளை நட்டு போட்டுச் சேர்த்தது என்பதும், டியூபில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளை அவிழ்த்தால் ரிம் வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். கார்புரேட்டரின் ஜெட்டில் அடைப்பு இருந்தால் கம்பியால் குத்தக்கூடாது. துளை பெரிதாகிவிடும், ஊதித்தான் எடுக்கவேண்டும். ஆய்வகத்தில் திருகு அளவியால் கம்பியின் விட்டத்தை அளந்து அளந்து சலித்துப்போயிருந்த எங்களுக்கு, பாயின்ட் இடைவெளி மயிரிழை மாறினால் பொறி வராது என்று கண்டபோதுதான் அந்தப் பாடத்தின் அருமை தெரிந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் நாங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தோம். கைப்பிடியிலிருந்து கியருக்கும் கிளட்சுக்கும் போகும் கேபிள்கள் வண்டியின் உடலுக்குள்ளே வளைந்து வளைந்து செல்கின்றன. பழையதை உருவிவிட்டால் புதியதை நுழைப்பது படாதபாடு. பழைய கேபிளின் நுனியில் ஒரு கயிற்றைக் கட்டி இழுத்து, பிறகு அந்தக் கயிற்றில் புதியதைக் கட்டித் திரும்ப இழுத்தோம். பாவாடைக்கு நாடா கோக்கத் தெரிந்த எவளுக்கும் இது தெரியும். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

உதிரிபாகங்களுக்காக ஒருமுறை சென்னை சென்று புதுப்பேட்டையில் அரைநாள் அலைந்தோம். கிளட்சுக்கான கார்க் தட்டுகளும் ஆயில் சீல்களும் கிடைத்தன. அசல் விளக்கு வளையம் கிடைக்கவில்லை. வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த ஆறாயிரம் ரூபாய்க்கு வருகிறோம். கால் வைக்கும் அடித்தட்டு துருப்பிடித்து, சில இடங்களில் தரை தெரிந்தது. தகடு வெட்டி வெல்டிங் வைப்பதும் வண்ணம் அடிப்பதும் எங்களால் ஆகாத வேலைகள். ஆகவே உடலை மட்டும் ஒரு பட்டறையில் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து வந்த வண்டியைக் கண்டு எங்களுக்குப் பேச்சே எழவில்லை. கண்ணாடிபோல் மின்னியது. "தகடு எல்லாம் புதுசு வச்சாச்சு, பாப்பா" என்றார்கள். கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, தாத்தாவின் முன் கொண்டுபோய் நிறுத்தினோம். அவருக்குக் கண் மங்கிவிட்டது. பளபளப்பு அவருக்குத் தெரியாது. அதுவே நல்லதாயிற்று. உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்து வைத்திருந்த ஒரு காந்தத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதை முன்தகட்டில் வைத்தார், பச்சென்று ஒட்டிக்கொண்டது. அடித்தட்டில் வைத்தார், உருண்டு கீழே விழுந்தது. இன்னோர் இடத்தில் வைத்தார், விழுந்தது. பிறகு ஸ்குரூ டிரைவரின் பிடியால் மெல்லத் தட்டினார். இரும்பின் ஓசை வரவில்லை. துருப்பிடித்த ஓட்டைகளில் துணியைத் திணித்து, அதன்மேல் பட்டி பூசி, அடிப்பக்கம் தாரைப்போலக் கறுப்பாக எதையோ தடவி, மேலே வண்ணம் அடித்திருந்தார்கள்.

பின் பிரேக் மிதி இருப்பது அந்தத் தட்டில்தான். நெருக்கடியான நேரத்தில் ஓட்டுபவர் தம் பலத்தையெல்லாம் சேர்த்து மிதிப்பது அங்கேதான். அந்த இடத்தில் இருந்தது இரும்பு அல்ல, துணியும் பசையும். அதன்மேல் எங்கள் தோழியின் தாயார் கால் வைத்து மிதிப்பதை எண்ணிப் பார்த்தபோது எங்களுக்குக் கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது. மறுபடி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, அழுகிய பகுதியை வெட்டி, உண்மையான தகடு வைத்து வெல்டிங் செய்ய இரண்டு மாதமும் இன்னொரு தொகையும் ஆயின. வெல்டிங் செய்தவர் அடியிலிருக்கும் பற்றுகளை மறைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதன்று. வியட்நாமில் இப்படி மினுக்கப்பட்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறிய வெஸ்பாக்களைப் பற்றிச் சேகரிப்பாளர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருகிறார்கள். இரண்டு வண்டிகளின் பாதிகளை ஒட்டி ஒன்றாக்கியவையும் அவற்றில் உண்டாம். வெளியே இரண்டு நிறம், வெள்ளை ஓரம் வைத்த டயர், தோல் இருக்கை, உள்ளே பட்டி. விற்றவரை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. வாங்குகிறவர் பளபளப்பையே கேட்கிறார், அதையே கொடுக்கிறார்கள். எங்கள் மூவரின் கண்களும் அந்தப் பட்டறை வாசலில் அப்படித்தானே ஏமாந்தன?

வண்டிகளைப் பத்து இருபது என்று வாங்கிக் கூடத்தில் வரிசையாக நிறுத்துவோரைப் பற்றியும் எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. அருங்காட்சியகம் வேண்டியதுதான். பொன்டெடேராவில் 2000ஆம் ஆண்டு முதல் பியாஜியோ அருங்காட்சியகம் இருக்கிறது. ஊருக்கு ஒன்று அப்படி இருந்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவோ நல்லது. ஆனால் தனியார் ஒருவர் இருபது வண்டிகளைப் பூட்டி வைத்தால், ஆண்டுக்கு ஒருமுறைகூட ஓடாமல் அவற்றின் ரப்பரெல்லாம் காய்ந்து வெடித்துவிடுகின்றன. சீல் கெட்டுப்போவதற்கு ஓடுவதைவிட ஓடாமலிருப்பதே பெரிய காரணம் என்று எங்கள் மெக்கானிக் அண்ணன் சொல்வார். அதைவிட மனத்தை உறுத்துவது, ஸ்கூட்டரின் முன்பாதியை அறுத்து உணவு விடுதிச் சுவரில் மாட்டும் வழக்கம். தோசைக்குக் காத்திருக்கும்போது தலைக்கு மேலே அந்த விளக்குக் கண் எங்களைப் பார்த்தால் எங்களுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

பழையதைப் பழையபடியே வைப்பதா, புதிதுபோல் ஆக்குவதா என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை நடந்தது. ஒருத்தி, சினிமாவில் வருவதுபோலச் சிவப்பும் வெண்மையும் அடிக்கலாம் என்றாள். மற்ற இருவரும் இளநீலத்தை விடமாட்டோம் என்றோம். வண்டியின் இடப்பக்கத் தகட்டுக்கு உட்புறம், வெயில் படாத இடத்தில், பழைய வண்ணம் அப்படியே இருந்தது. அதைக் காட்டித்தான் நிறம் கலந்தோம். அந்தத் தகட்டின் வெளிப்புறத்தில் உள்ளங்கையளவு ஒரு பள்ளம். டிங்கர் வேலை செய்பவர் சுத்தியலை எடுத்துவிட்டார். "அதை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று தோழியின் தாயார் குறுக்கிட்டார். ஏன் என்று துளைத்துத் துளைத்துக் கேட்டபிறகு சொன்னார்.

1996இல் அவர் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, தமக்கும் வண்டி ஓட்டக் கற்றுத்தரும்படி தந்தையைக் கேட்டிருக்கிறார். தம்பிக்குக் கற்றுக்கொடுத்தவர், மகளிடம், "கியர் வண்டி பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று முடித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வெளியே போயிருந்தபோது இவர் தாமே உதைத்துக் கிளப்பி, கொல்லையில் பத்தடி ஓட்டி, துணி துவைக்கும் கல்லில் கொண்டுபோய் இடித்தார். பழி தம்பிமேல் விழுந்தது. அவருக்கு இரண்டு அடியும் கிடைத்ததாம். மாமாவிடம் அதற்காக மன்னிப்புக் கேட்டீர்களா என்று கேட்டோம். அவர் கல்யாணத்துக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னார்.

அந்தப் பள்ளத்தை நாங்கள் தொடவில்லை. ஆட்டத்தில் தோற்ற தோழிக்கும் இப்போது இளநீலமே பிடித்திருக்கிறது என்று கேள்வி.

பெற்றோர்கள் கேட்கும் கேள்வி எங்களுக்குத் தெரியும்: எவ்வளவு செலவாயிற்று? பட்டறையில் இழந்ததையும் சேர்த்து முப்பத்தோராயிரம் ரூபாய். மூன்று வீடுகள் பங்கிட்டுக்கொண்டன. தோழியின் தாயார் பெரும்பங்கு கொடுத்தார். சிறு தொகை அல்ல. இதைவிடக் குறைந்த செலவில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய வண்டியை வாங்கியிருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. லாபத்துக்கு இதில் இறங்குபவர்கள் இறங்காமலிருப்பதே நல்லது.

இன்னொரு கேள்வி புகையைப் பற்றியது. நம் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தில் இருந்துகொண்டே இந்தப் புகைவண்டியைக் கட்டி அழுகிறீர்களே என்று ஓர் ஆசிரியை எங்களைக் கேட்டார். நியாயமான கேள்வி. இது 145 சி.சி. டூ ஸ்ட்ரோக் இன்ஜின்.  பிஸ்டனே மேலும் கீழும் போகும்போது துளைகளைத் திறந்து மூடுகிறது. எரிந்த புகை வெளியேறும் அதே நேரத்தில் புதிய பெட்ரோல் கலவையும் நுழைவதால், அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு போய்விடுகிறது. பெட்ரோலோடு கலந்திருக்கும் எண்ணெய் வேறு எரிகிறது. எண்ணெய் கூடினால் புகையும் கூடிப் பிளக்கில் கரி படியும். குறைத்தாலோ பிஸ்டன் இறுகிவிடும். சரியான அளவில் வைக்கலாமே தவிர, புகையே இல்லாமல் செய்ய முடியாது. மாசுக் கட்டுப்பாடு இறுகியபோது இந்த இன்ஜின்கள் ஓய்ந்தது சரியே. தினந்தோறும் அலுவலகத்துக்கு இதில் போகலாம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். மாதத்தில் ஓரிரு நாள், சில கிலோமீட்டர். அதையும் கூடாது என்பவரோடு வாதாட எங்களிடம் போதிய பதில் இல்லை. பஜாஜ் நிறுவனம் 2009இல் ஸ்கூட்டரை விட்டுவிடுவதாக அறிவித்து, 2020இல் அதே சேத்தக் பெயரில் மின்சார ஸ்கூட்டரோடு திரும்பி வந்திருக்கிறது. நாள்தோறும் ஓட்ட அதுவே நல்லது.

புதிய பெட்ரோலும் பழைய வண்டிக்குப் பகை. இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் இருபது விழுக்காடு வரை கலக்கப்படுகிறது. அது பழைய ரப்பர் குழாய்களை அரிக்கிறது. ஈரத்தை இழுத்து டாங்கிக்குள் துருவை வளர்க்கிறது. ஆகவே நீண்டநாள் நிறுத்துவதாயிருந்தால் பெட்ரோலை வடித்துவிடுகிறோம். வடிக்கும்போது பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக்கூடாது, பெரியவர் ஒருவர் உடனிருக்கவேண்டும் என்பது வீட்டார் போட்ட சட்டம்.

அரசாங்கச் சட்டமும் ஒன்று உண்டு. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவு செய்து ஐம்பதாண்டுகள் கடந்து, உருவம் மாற்றப்படாத வாகனமே 'வின்டேஜ்' எனப்படும். அதற்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் தருகிறார்கள். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுதுபார்க்கவும் ஓட்டலாமே தவிர, அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. எங்கள் வண்டிக்கு அந்தத் தகுதி 2031இல்தான் வரும். அதுவரை அது சட்டத்தின் கண்ணில் வின்டேஜும் அல்ல, புதியதும் அல்ல. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டு, பச்சை வரியும் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதுதான். பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியிலுள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அந்த எண் இருக்கும் இடத்தைத் தேய்த்தோ பட்டி பூசியோ வைத்திருந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது ஏற்ற பொழுதுபோக்கா என்ற கேள்விக்கு நாங்கள் நீண்ட பதில் சொல்லப்போவதில்லை. உடை அழுக்காகாமல் பெண்ணும் ஏறிப்போகட்டும் என்று ஒருவர் வடிவமைத்த வண்டி, நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது ஆண்களின் வண்டியாகிவிட்டது. நம் அம்மாக்களில் பலர் அதில் முன்னால் நின்று வளர்ந்தார்கள், பின்னால் ஒருபக்கமாக அமர்ந்து மணமாகிப் போனார்கள். நடுவிலிருக்கும் இருக்கை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்கு அந்த இருக்கைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுவரை தெரியும். கிரீஸ் நகத்திலிருந்து போவதற்குச் சீயக்காயும் பழைய பல் துலக்கியும் போதும்.

டிசம்பர் விடுமுறையில் வண்டி முதன்முறை கிளம்பியது. பெட்ரோல் திறந்து, சோக்கை இழுத்து, தாத்தா சொன்னபடி ஒருக்களித்துச் சாய்த்து நிமிர்த்தி, பதினேழாம் உதையில் புகை வந்தது. பாட்டி பட்டாசு என்று நினைத்துக்கொண்டு கன்றுக்குட்டியைத் தேடினார். கன்றுக்குட்டி இல்லாமல் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஹாரன் மட்டும் இன்றுவரை அடிக்கவில்லை. ஆர்.சி. புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறோம். அது வரும்வரை வண்டி கொல்லையைத் தாண்டக்கூடாது என்பது ஏற்பாடு.

தோழியின் தாயார் இதுநாள்வரை கியர் இல்லாத வண்டிக்கே உரிமம் வைத்திருந்தார். நாற்பத்தாறு வயதில், கியர் வண்டிக்காக எல்.எல்.ஆர். எடுத்து வந்தார். பொங்கலுக்கு மறுநாள் காலை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொட்டகை வாசலில் வண்டிமேல் அமர்ந்தார். தாத்தா நாற்காலியைக் கொல்லைக்குக் கொண்டுவரச் சொல்லி அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஐட்லிங் சரியா இருக்கு" என்று எங்களிடம் சொன்னார். தாயாருக்குக் கை நடுங்கியது. கிளட்சைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தார்.

"துவைக்கிற கல்லைப் பேத்தெடுத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சும்மா. பயப்படாம விடு" என்றார் தாத்தா.

தாயார் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு கிளட்சைப் பிடித்து, முதல் கியரைத் திருப்பினார்.